அட்டையில் இல்லாத செடி

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் கூட்டம் மலை இறங்கிவிட்டது. மேட்டுக் காவல் இன்று எங்கள் வீட்டு முறை. அத்தாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் கிளப் நூலகத்துக்குத் திங்கள் விடுமுறை என்பதால் நான் போனேன்.

ஆள் வராத நாட்களில் ஏரிக்கரைச் சவாரிக் குதிரைகள் எல்லாவற்றையும் பழைய பேரிக்காய்த் தோட்டத்து மேட்டில் விட்டு, ஒரு நாளைக்கு ஒரு வீட்டார் காவல் இருப்பார்கள். ஏழு வீடு, பதினான்கு குதிரை. எங்களுடையவை இரண்டு, துரையும் சிட்டும். முன்பெல்லாம் குதிரைகள் ஊர் முழுக்கச் சுற்றி, கிடைத்ததைக் கடித்துவிட்டு, பொழுது சாயும்போது தாமாகவே வீடு வரும். இரண்டு வருடமாக இந்த மேடு மட்டும்தான். ஏரிக்கரை ஸ்டாண்டில் ஓர் அட்டை மாட்டியிருக்கிறது. குதிரைக்கு ஆகாத ஒன்பது செடிகள், படத்தோடு. அந்த ஒன்பதில் ஒன்றுகூட இல்லாத இடம் இதுதான்.

மேட்டில் வெள்ளைப்பூ தொடங்கியிருக்கிறது. இடுப்பளவுச் செடி, கருஞ்சிவப்புத் தண்டு, பஞ்சைக் கிள்ளி வைத்ததுபோலக் கொத்துக் கொத்தாகப் பூ. பனி விலகும்போது சரிவு முழுவதும் அரிசி உலர்த்தியதுபோல இருந்தது. சிட்டு இலையைக்கூட ஒதுக்கிவிட்டுப் பூவை மட்டும் உதட்டால் தேடி எடுக்கிறது. பார்க்க அழகாக இருந்தது. மதியம் வரை மரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். சிட்டு இரண்டு தடவை இருமியது. உறைபனிக் காலம்.

ஜனவரி 29, புதன்

அம்மா வத்தலகுண்டு போய்விட்டாள். அக்காவுக்குப் பிப்ரவரியில் பிரசவம். பெருநாளுக்குத்தான் திரும்புவாள். சமையல், நூலகம், குதிரைக் கொட்டில் மூன்றும் என்னிடம்.

பிப்ரவரி 5, புதன்

கால்நடை டாக்டர் பூங்கொடி வந்து சிட்டைப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, இருமல் மட்டும் நிற்கவில்லை. ஊசி போட்டு, ஐந்து நாள் மருந்து எழுதிக் கொடுத்தார். கொட்டிலில் தூசி இருக்கக்கூடாது, வைக்கோலை நனைத்துப் போடுங்கள் என்றார்.

“புதுசா எதாவது சாப்பிட்டுச்சா பாய்?”

“இல்லம்மா. நம்ம மேடுதான். அங்க ஆகாதது ஒண்ணும் கெடையாது. அட்டையப் பாத்துத்தான் விடுறோம்” என்றார் அத்தா, பெருமையாக.

டாக்டர் போன பிறகு அத்தா, வேலியோரம் அறுத்து வந்த வெள்ளைப்பூக் கட்டை அவிழ்த்து, சிட்டுக்கு ஒவ்வொரு தண்டாக நீட்டிக்கொண்டிருந்தார். சீக்காளிப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல. “இதுவாச்சும் எறங்குதே” என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சிட்டைச் சவாரிக்குக் கொண்டுபோயிருக்கக்கூடாது. படகுத்துறையைத் தாண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டது. மேலே பத்து வயதுப் பெண் குழந்தை. மூக்குத் துளைகள் விரிந்து விரிந்து மூடின. விலா இரண்டு பக்கமும் உள்ளே போய்ப் போய் வந்தது. குழந்தையை இறக்கி நான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சவரிமுத்து அண்ணன் எதிரே வந்தார். எங்களோடு ஸ்டாண்டில் நிற்பவர். அவருடைய குதிரையின் பெயர் ராக்கெட். ஏரியைச் சுற்றி வர மற்ற குதிரைகளைவிடக் கால் மணி நேரம் கூட எடுக்கும்.

“என்ன டாக்டரம்மா, குதிரை உங்கமேல சவாரி பண்ணுமாட்ருக்கு.”

நான் படிப்பதை வைத்து அவர் எனக்கு வைத்த பெயர் இது. ஏரிக்கரையில் பாதிப் பேருக்கு என் பெயர் ஷாஹிரா என்பது மறந்துபோயிருக்கும்.

“மருந்து குடுத்துட்டுத்தாண்ணே இருக்கோம்.”

“உங்க ராக்கெட்ட கொஞ்ச நாள் இரவல் குடுங்கன்னு கேளு. மெதுவா, ஓரமா நடந்து காட்டுவான்.” ராக்கெட்டின் கழுத்தைத் தட்டினார். “வேகம் இல்லாட்டியும் மூச்சு இருக்கு என் மகனுக்கு.”

பிப்ரவரி 28, வெள்ளி

கிளப் நூலகத்தின் பின்னறையில் கழிக்க வேண்டிய புத்தகங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். தோட்டத்துரைமார் காலத்தில் வாங்கிய வேளாண் இதழ்கள், வருடவாரியாகத் தைத்தவை. கரையான் அரித்தது ஒரு பக்கம், அரிக்காதது ஒரு பக்கம். அரிக்காததில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன்.

ஆஸ்திரேலியாவில் ஒரு மலைப் பள்ளத்தாக்கு. அங்கே குதிரைகளுக்கு வருடக்கணக்காக ஓர் இருமல். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. கொஞ்சம் ஓடினால் மூச்சு முட்டும். சில குதிரைகள் ஓட்டத்திலேயே விழுந்து செத்தன. பிறகுதான் காரணம் தெரிந்தது. சரிவுகளில் பரவிய ஒரு களை. குதிரைகள் அதை விரும்பித் தின்னும், முக்கியமாகப் பூக்கும் பருவத்தில். மாதக்கணக்கில் தின்றால் நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகிவிடும். அது திரும்பச் சரியாவதில்லை. மாடு தின்றால் இப்படி ஆவதில்லை.

எதிர்ப்பக்கத்தில் கோட்டோவியம். எதிரெதிராக அமைந்த, ஓரம் வெட்டிய இலை. கொத்துப் பூ. தண்டுக்குக் கீழே, ‘கருஞ்சிவப்பு’ என்று குறிப்பு.

ஓவியங்களை நம்ப முடியாது. ஒன்றுபோல இன்னொன்று இருக்கும்.

தொகுப்பைக் கழிக்கும் பக்கமும் வைக்கவில்லை, அலமாரியிலும் வைக்கவில்லை. என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 1, சனி

அத்தாவிடம் சிட்டையும் துரையையும் இனி மேட்டுக்கு விட வேண்டாம், மேடு ஈரமாக இருக்கிறது, கொட்டிலிலேயே வைக்கோல் போடலாம் என்றேன். துரைக்கென்ன என்று கேட்டார். அதற்கும் சளி தொற்றிவிடும் என்றேன். வேலியோரம் அறுத்துப் போட வேண்டாம் என்றும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார். சரி என்றார்.

மற்ற பன்னிரண்டும் மேட்டில்தான் இருக்கின்றன. உறுதியாகத் தெரியாமல் யாரிடமும் எதையும் சொல்வது சரியில்லை.

மாலையில் பிறை தெரிந்தது.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. விடிந்ததும் மேட்டுக்குப் போனேன். பேரிக்காய் மரங்கள் பதினோரு வரிசை. வரிசைகளுக்கு நடுவே முழுவதும் வெள்ளைப்பூ. இழுத்தால் தண்டு முறிந்து வேர் நின்றுவிடுகிறது. இரண்டு கையாலும் அடியில் பிடித்து ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். பிடுங்கியதை வேர் மேலே பார்க்கப் பள்ளத்தில் போட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் அரை வரிசை.

சாறு பச்சையாக ஒட்டிக்கொண்டது. மூன்று தடவை கழுவியும் போகவில்லை. தொழுகைக்கு நிற்கும்போது என் கைகளை நானே பார்க்காமல் இருந்தேன்.

மார்ச் 3, திங்கள்

சவரி அண்ணன் மாலை தூக்கோடு வந்தார். வருடா வருடம் முப்பது நாளும் வருவார். நோன்புக் கஞ்சி அவருக்கு உயிர். அதற்கு அவர் செய்யும் வேலை உப்புப் பார்ப்பது. நோன்பு வைத்தவர்கள் ருசி பார்ப்பதில்லை என்று அம்மா பிடிவாதமாக இருப்பாள். அதனால் பாங்குக்கு முன்னால் ஒரு கரண்டி அவருக்கு. ஊரில் இப்படி ஓர் உத்தியோகம் தனக்குத்தான் கிடைத்திருக்கிறது என்பார்.

கரண்டியை ஊதிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

“பாய், உங்க சம்சாரம் இருந்தா ஒரு கல்லு கூட இருக்கும். டாக்டரம்மா கைக்கு ரெண்டு கல்லு வேணும்.”

“நீ போட்டுவிடு சவரி. சம்பளம் வாங்குற ஆளு நீதானே” என்றார் அத்தா.

போட்டார். கலக்கினார். தூக்கை நிரப்பிக்கொண்டு போகும்போது, “நாளைக்கு மேட்டு முறை எனக்கு. சிட்டையும் துரையையும் விடலையா? பூ நல்லா வந்துருக்கு, ராக்கெட்டு தலையத் தூக்கவே மாட்டேங்குறான்” என்றார்.

“சிட்டுக்கு உடம்பு சரியாகட்டும்ணே.”

அவ்வளவுதான் சொன்னேன்.

மார்ச் 5, புதன்

குறிப்பிட ஒன்றும் இல்லை. இரண்டாவது வரிசை முடிந்தது.

மார்ச் 6, வியாழன்

குறிப்பிட ஒன்றும் இல்லை. முதல் வரிசையில் முறிந்த வேர்களிலிருந்து துளிர் வந்திருக்கிறது. அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்து இன்று பதினைந்தாவது நாள். அம்மா போனில் அவன் அழுவதைக் கேட்க வைத்தாள்.

மார்ச் 8, சனி

ராக்கெட் இருமியது. ஸ்டாண்டில் நின்றபடியே, இரண்டு முறை, கழுத்தைத் தாழ்த்தி. குதிரை என்றால் இருமத்தான் செய்யும்.

நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். துளிர்த்ததைத் திரும்பப் பிடுங்குவதையும் சேர்த்தால் பதினோரு வரிசையும் முடிய ஏப்ரல் நடுப்பகுதி ஆகும். அதற்குள் பூ உதிர்ந்து விதை பறந்துவிடும்.

மார்ச் 9, ஞாயிறு

இதை எழுதிவிட வேண்டும். அந்த அட்டை நான் எழுதியது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சவரி அண்ணனிடம் ரோஜா என்றொரு குதிரை இருந்தது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டியிருந்த அரளி மாலைகளைத் தின்றுவிட்டு, மறுநாள் காலை ஸ்டாண்டில் எல்லோர் கண் முன்னாலும் விழுந்தது. அவர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தார்ச்சாலையில் உட்கார்ந்திருந்தார். பத்து மாதம் சும்மா இருந்து பிறகு ராக்கெட்டை வாங்கினார்.

ரோஜா செத்த கையோடு குதிரைக்காரர் சங்கத்துச் செயலாளர் முருகவேல் அண்ணன் வீட்டுக்கு வந்தார். “நீதாம்மா படிச்ச பொண்ணு. எதெது ஆகாதுன்னு எழுதி ஒட்டிரு. நாங்க கண்ண மூடிட்டுக் கேக்குறோம்” என்றார். இரண்டு மாதம் தேடிப் படித்தேன். அரளி, ஊமத்தை, மர ஊமத்தை, உண்ணி, ஆமணக்கு, எருக்கு, பெரணி, உருளைக்கிழங்குத் தழை, பட்டர்புரூட் இலை. ஒவ்வொன்றையும் பார்த்து வரைந்தேன். அத்தா பிளாஸ்டிக் உறை போட்டு வாங்கி வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுதிய ஒன்றை நாலு பேர் நின்று படித்தார்கள்.

அவர்கள் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். மேட்டில் உண்ணிப்புதர் மண்டியிருந்தது. ஏழு வீட்டாரும் சேர்ந்து ஒரு மாதம் வெட்டி எரித்தோம். வெறும் மண் வெளியே வந்தது. அந்த வெறும் மண்ணில்தான் வெள்ளைப்பூ வந்தது. அதற்கு முன் வேலியோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த செடி. குதிரைகள் ஊர் சுற்றிய காலத்தில் இதிலும் ஒரு வாய் கடித்திருக்கும், அடுத்த தெருவில் வேறொன்றைக் கடித்திருக்கும். ஒரே இடத்தில் நிறுத்தி, நாள் முழுக்க இதையே தின்ன வைத்தது அட்டை.

நூலகத்தில் பகல் முழுவதும் புத்தகங்களோடு இருக்கிறேன். அவற்றால் ஏரிக்கரைக்கு ஏதாவது ஒன்று கிடைத்தது என்றால் அது அந்த அட்டை. அதை நான் கழற்ற வேண்டும்.

உறுதியாகத் தெரியாது என்று மார்ச் 1 அன்று எழுதியிருக்கிறேன். இப்போது திருப்பிப் பார்த்தேன். அது பொய். ஓவியத்தைப் பார்த்த நிமிடமே தெரியும்.

மார்ச் 12, புதன்

இழுப்பறையைத் திறந்து தொகுப்பை எடுத்துக்கொண்டு, ஒரு செடியை வேரோடு பையில் போட்டு, டாக்டர் பூங்கொடியைப் பார்க்கப் போனேன். அவர் செடியை மேசைமேல் விரித்து, பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு கைப்பேசியில் வெகுநேரம் தேடினார்.

“நானே யோசிச்சிருக்கணும். இத நேர்ல பாத்ததில்ல, அதான் மருந்துக்கு மேல மருந்தா குடுத்துட்டிருந்தேன்” என்றார். “ஷாஹிரா, இது எத்தன குதிரைக்குப் போயிருக்கு?”

“பதினாலுக்கும்.”

“எல்லார்ட்டயும் சொல்லியாச்சா?”

“நாளைக்குக் காலையில சொல்லிடுறேன்.”

“இன்னைக்கே சொல்லலாமே.”

“மேட்டுலேர்ந்து இந்நேரம் ஓட்டிட்டு வந்திருப்பாங்க டாக்டர். காலையிலதான் எல்லாரும் ஒண்ணா இருப்பாங்க.”

அது உண்மைதான்.

மார்ச் 13, வியாழன்

ஸ்டாண்டில், அட்டைக்குக் கீழே நின்று சொன்னேன். செடியைக் காட்டினேன். என்ன செய்கிறது, எப்படி மூச்சைப் பிடிக்கிறது, ஏன் அந்த மேட்டில் மட்டும் இவ்வளவு என்று எல்லாம் சொன்னேன். அட்டையில் இதை விட்டது என் பிழை என்றும், உண்ணியை வெட்டச் சொன்னதும் நான்தான் என்றும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை.

செடி கை மாறிக் கை மாறிப் போனது.

“இந்தப் பூவா?” என்றார் முருகவேல் அண்ணன். “இதத்தான எம்புள்ளைக மாலையாக் கட்டிக் குதிரைக்குப் போட்டு வெளாண்டுச்சுக.”

சவரி அண்ணன் ராக்கெட்டின் கழுத்தில் கையை வைத்தபடி நின்றிருந்தார். “எப்பத் தெரிஞ்சுச்சு டாக்டரம்மா?”

“நேத்துத்தாண்ணே. டாக்டர் பாத்துட்டு உறுதியாச் சொன்னாங்க.”

“பாத்துக்கங்கய்யா. நேத்துத் தெரிஞ்சு, விடிஞ்சதும் வந்து நிக்குது. நாமளா இருந்தா எவன் தலையில கட்டலாம்னு ஒரு மாசம் யோசிச்சிருப்போம்.” என் பக்கம் திரும்பினார். “ஒன்பதக் கண்டுபிடிச்ச புள்ள ஒண்ண விட்டுருச்சு. அதுக்கெதுக்கு மொகம் இப்படிப் போகுது? நாங்கெல்லாம் அந்த ஒன்பதையே பாக்காத ஆளுக.”

எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒருவர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். இன்றிலிருந்து மேட்டுக்கு விடுவதில்லை, சங்கத்தில் வைக்கோல் வாங்குவது, நாளை முதல் வீட்டுக்கு இரண்டு பேராகச் செடி பிடுங்குவது என்று முடிவானது.

மாலை சவரி அண்ணன் உப்புப் பார்க்க வந்தார். சரியாக இருக்கிறது என்றார். முதல்முறை.

மார்ச் 14, வெள்ளி

அத்தா சிட்டுக்கு வைக்கோலை நனைத்துக்கொண்டிருந்தார். நான் வாளியைப் பிடித்திருந்தேன். என்னைப் பார்க்காமல் பேசினார்.

“அந்தப் பூவ என் கையால ஊட்டிருக்கேன்.”

“உங்களுக்குத் தெரியாதுல்ல அத்தா.”

“எனக்குத் தெரியாது.” கையை உதறினார். “முத நோன்பன்னைக்கு நீ உள்ள வந்தப்ப கை ரெண்டும் பச்சையாக் கெடந்துச்சு. அதுக்கு மொத நாளே ரெண்டையும் கட்டிப் போடச் சொல்லிட்ட. நான் ஒண்ணும் கேக்கல.”

“கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா நோன்போட பொய் சொல்லிருப்ப.”

வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மார்ச் 19, புதன்

டாக்டர் பூங்கொடி பதினான்கு குதிரைகளின் நெஞ்சிலும் குழல் வைத்துக் கேட்டார். ஒவ்வொன்றையும் ஐம்பது அடி நடத்தி, திருப்பி நடத்தி, மறுபடி கேட்டார். நான் எழுதிக்கொண்டேன்.

ஒன்பது நன்றாக இருக்கின்றன. துரையும் அதில் ஒன்று. மூன்றுக்கு லேசாக. சிட்டு இனி ஆளைச் சுமக்கக்கூடாது. ஓடக்கூடாது, ஏற்றம் ஏறக்கூடாது. சமதளத்தில் மெல்ல நடந்தால் சில வருடங்கள் இருக்கலாம். ராக்கெட் இந்த மூன்றுக்கும் சிட்டுக்கும் நடுவில். ஏரிக்கரைச் சமதளத்தில் சின்னப் பிள்ளைகளை ஏற்றி நடத்தலாம். இருமல் கூடினால் அதுவும் கிடையாது.

“ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தியிருந்தா?” என்று கேட்டது நான்தான். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“ரெண்டு வாரம் முன்னாடி நிறுத்தியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதுன்னு என்னால சொல்ல முடியாது. ஆகியிருக்கும்னும் சொல்ல முடியாது. பூக்குற நேரம்தான் அதிகமா ஏறும்” என்றார் டாக்டர்.

“அத விடுங்கம்மா. அப்ப யாருக்குத் தெரியும்” என்றார் சவரி அண்ணன்.

மார்ச் 23, ஞாயிறு

ஏழு வரிசை முடிந்தது. பதினான்கு பேர், துணி சுற்றிய கைகள், ஆளுக்கொரு மூச்சிரைப்பு. பள்ளத்தில் முன்பே காய்ந்து கிடந்த குவியலைப் பார்த்து, “இது எப்பப் புடுங்குனது?” என்று ஒருவர் கேட்டார். “காட்டுப்பன்னி கிளறிருக்கும்” என்றார் சவரி அண்ணன். வேர்கள் எல்லாம் மேலே பார்க்க அடுக்கியிருந்தன.

மிகவும் களைப்பாக இருக்கிறது. களைப்புக்கு நோன்பு காரணமில்லை.

மார்ச் 26, புதன்

குறிப்பிட ஒன்றும் இல்லை என்று எழுதி அடித்துவிட்டேன்.

மார்ச் 29, சனி

பழைய அட்டையைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். முதலில் வெள்ளைப்பூச்செடி. இலை, தண்டு, பூ, வேர் தனித்தனியாக. கீழே, ‘குதிரைகள் இதை விரும்பித் தின்னும். உடனே தெரியாது. இருமலில் தொடங்கும்.’ மற்ற ஒன்பதும் அதற்குப் பிறகு. ஒரே மேட்டில் மட்டும் மேய்க்க வேண்டாம் என்று தனியாக ஒரு வரி.

பழைய அட்டையின் அடியில் எழுதிய தேதி இருந்தது. புதியதிலும் வேண்டும் என்று முருகவேல் அண்ணன் சொல்லியிருந்தார். நேற்று வீட்டில் மூன்று தாளில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். கடைசியில் எழுதியது: ‘இச்செடி பற்றித் தெரியவந்த நாள் பிப்ரவரி 28. ஸ்டாண்டில் சொன்ன நாள் மார்ச் 13. ஷாஹிரா.’

சவரி அண்ணன் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். படத்தைப் பார்த்தார், சிரித்தார், விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். கடைசி வரியில் விரல் நின்றது. மறுபடி அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனது.

“இது எழுத்துப் பெழையா?”

“இல்லண்ணே.”

பக்கத்தில் ராக்கெட் ஒருமுறை இருமியது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடக்கை விரல்களை மடக்கி, பிரித்து, மறுபடி மடக்கினார்.

“பதிமூணு நாளு.”

“ஆமா.”

“நாலாந்தேதி மேட்டுல நாந்தான் முறை. சிட்டையும் துரையையும் விடலையான்னு வந்து கேட்டேன்ல.”

“கேட்டீங்க.”

“கஞ்சித் தூக்கக் கையில வச்சுட்டு நின்னுட்டிருந்தேன்.”

சொல்வதற்கு இருந்ததெல்லாம் அட்டையில் இருந்தது. அவர் கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டார். நாலடி போய் நின்றார்.

“சரி, ஷாஹிரா” என்றார். என் பெயர் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

கடைசி நோன்பு. அம்மா நாளை காலை முதல் பஸ்ஸில் வருகிறாள்.

காலையில் மேட்டுக்குப் போனேன். பத்தாவது வரிசையில் நான்கு வீட்டார் வந்திருந்தார்கள். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. என் பக்கத்து வரிசைக்கும் யாரும் வரவில்லை. பிடுங்கி முடித்த இடங்களில் மண் சிவப்பாக, வெறுமையாகக் கிடக்கிறது. அதில் என்ன முளைக்கிறது என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

திரும்பி வந்து சிட்டைக் கொட்டிலுக்கு வெளியே பத்து நிமிடம் நடத்தினேன். நடுவில் இரண்டு முறை நின்றது. நானும் நின்றேன்.

மாலை கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு, உப்புப் பார்க்கக் கரண்டியையும் எடுத்து வைத்தேன். வாசலைப் பார்க்கக்கூடாது என்று துவையலை அரைத்துக்கொண்டிருந்தேன். அத்தா தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கரண்டியைப் பார்த்தார். எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தைப் பிட்டுப் பாதியை என்னிடம் கொடுத்தார். கஞ்சியை ஊற்றினேன். ஒரு வாய் குடித்தார். நானும் குடித்தேன்.

கஞ்சியில் உப்பே இல்லை. அப்படியே இருவரும் குடித்து முடித்தோம்.